ஐந்தாவது ரீல்

"ஈரச் சட்டை" கிடைத்துவிட்ட செய்தியைச் சொல்லக் கனகரத்தினம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தார். யேசுரட்ணம் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஞானமலர் கன்னியர் மடத்துப் பிள்ளைகளின் சீருடைகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

கனகரத்தினம் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். திருகோணமலையில் ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, தியேட்டரில் இந்தியப் படம் தொடங்குவதற்கு முன், யாரும் கவனிக்காமல் போன பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். யேசுரட்ணம் மாஸ்டர் ஒரு காலத்தில் நாடகம் பழக்கியவர். தன் வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுத்தார். அறுபத்து மூன்றில் வந்த "ஈரச் சட்டை"தான் அது. அதில் கதாநாயகி ஞானமலர்.

"கொழும்பில ஒரு கொம்பனிக் களஞ்சியத்தில கிடந்தது, தங்கச்சி. பெயின்ற் வாளியளுக்குப் பின்னால," என்றார் கனகரத்தினம். "நான் போட்டுப் பாத்தனான். நிலாவெளியில கரைவலை இழுக்கிற காட்சி இருக்குதெல்லோ? பாட்டில்லை, வயலின் இல்லை. கயிறு மணலில அரையிற சத்தம் மட்டும். வலை கிட்ட வரவர இழுக்கிறவங்கட முகம் மாறுது. வலைக்குள்ள மீன் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லாமலே எங்களுக்கு விளங்குது. இப்பிடி ஒரு படம் எங்கட ஊரில எடுத்தது எங்களுக்கே தெரியாமக் கிடந்திருக்கு."

அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

"மாஸ்டரை இனிக் கையில பிடிக்க ஏலாது," என்று சேர்த்துக்கொண்டார். "போன கிழமையில இருந்து சேட்டைக் காற்சட்டைக்குள்ள விட்டுக்கொண்டு துரைமாதிரித் திரியிறார்."

மாஸ்டர் சிரித்தார். ஞானமலர் ஏதோ கேட்டாள். கனகரத்தினத்துக்குக் கேட்கவில்லை. காதைச் சாய்த்தார். அப்போதும் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எந்தக் குரல் எண்டு கேக்கிறா," என்றாள் குசினி வாசலில் நின்ற றெஜினா. ஞானமலரின் மகள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு.

"பிறகு போட்ட குரல்தான்," என்றார் மாஸ்டர். "மற்றது எங்க இருக்கு, பிள்ளை? அதைத்தான் அப்பவே நிறைக்கு வித்தாச்சே."

ஞானமலர் அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு வட்டத் தகர டின்னை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். மூடியைச் சுற்றிவரத் தார்போலக் கீல் பூசிய கறுப்பு டின்.

*

ஐந்தாவது ரீலில் ஒரு காட்சி உண்டு. மீனவன் ஒருவனுடைய வள்ளம் திரும்பவில்லை என்று அவன் மனைவிக்குச் சொல்கிறார்கள். அவள் அழவில்லை. கொடியில் கிடந்த அவனுடைய சட்டையை எடுக்கிறாள். காலையில் தோய்த்தது, இன்னும் காயவில்லை. அவனையே ஏசுவதுபோல அந்தச் சட்டையை ஏசத் தொடங்குகிறாள்.

மாஸ்டர் அந்தக் காட்சிக்கு வசனம் எழுதவில்லை. "நீர் உம்மட மனுசன் பேணாட்டோட சண்டை பிடிக்கேக்க எப்பிடிப் பேசுவீரோ அப்பிடிப் பேசும்," என்றார். ஞானமலர் பேசினாள். "உமக்கு விசரே? சோத்தைப் போட்டு மூடி வைச்சிருக்கு, ஆர் தின்னுறது? சட்டையைக் கழட்டித் தந்திட்டுப் போனா நான் தோய்ச்சுத் தோய்ச்சுக் கிடக்கிறதே? வாரும் வீட்டை. வந்து போடும் இதை." ரீல் முடியும்வரை நிறுத்தாமல் பேசினாள். வலை இழுக்க வந்திருந்த உண்மையான மீன்பிடிகாரர் சிலர் கமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவளுடையது தடித்த குரல். சந்தையில் இரண்டு கடை தள்ளிக் கேட்கும்.

படம் முதலில் இந்த ஊரில்தான் ஓடியது. அந்தக் காட்சி வந்தபோது தியேட்டர் சிரித்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். படத்தில் வருகிற பெண் மதராசில் கதைக்கிறமாதிரிக் கதைப்பாள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். தங்கள் வீட்டுக் குசினியில் கேட்கிற கதை திரையிலிருந்து வந்தபோது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் சிரிப்பாக வந்தது. "எடியே, சூடை என்ன விலை?" என்று கலரியிலிருந்து ஒருவன் கத்தினான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் மீன் விலை கேட்டார்கள். ஞானமலர் மேலே பல்கனியில் பேணாட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை.

படத்தைத் தூக்கிவிட்டார்கள். மதராசுக்கு அனுப்பி, அங்கே வேறு ஒரு பெண்ணைக்கொண்டு ஞானமலரின் பேச்சு முழுவதையும் மாற்றிப் பேசவைத்தார்கள். வயலினும் சேர்த்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் வரவுமில்லை.

பழைய சத்தமுள்ள படத்தை, சுருளைக் கரைத்து வெள்ளி எடுக்கிறவனுக்கு விற்கக் கட்டி வைத்திருந்தபோது, ஞானமலர் மாஸ்டரிடம் போய் ஐந்தாவது ரீலை மட்டும் கேட்டாள். "இதை வைச்சு என்ன செய்யப்போறீர், தலைக்கு றிபன் கட்டவே?" என்று கேட்டபடி அவர் எடுத்துக் கொடுத்தார்.

பேணாட் வள்ளங்களுக்குக் கீல் பூசுகிறவர். கடற்கரை ஊரில் எதை வைத்துக் காப்பாற்றுவதென்றாலும் உப்புக் காற்றுப் படாமல் மூடவேண்டும். கூறைச் சேலையானாலும் சரி, காணி உறுதிக் கடதாசியானாலும் சரி, இறுக்கி மூடாவிட்டால் இரண்டு மாரியில் பூஞ்சணம் பூத்துவிடும். அவர் டின்னின் மூடியைப் பொருத்தி, பொருத்தைச் சுற்றிச் சீலை ஒட்டி, கீலை உருக்கிப் பூசி, சூடு ஆறுமுன் பெருவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வள்ளத்துக்குச் செய்வதைவிடக் கவனமாகச் செய்தார். "இனிக் கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் நடக்காது," என்றார்.

றெஜினா பிறந்து தவழத் தொடங்கிய காலத்தில் ஞானமலருக்குக் கழுத்தில் கழலை வளர்ந்தது. வெட்டி எடுத்தார்கள். கழலையோடு குரலும் போனது. மிஞ்சியது மூச்சு மட்டும். அதைச் சொல்லாக வளைக்கப் பழகினாள். கிட்ட வந்து காதைக் கொடுத்தால் விளங்கும். அடுத்த மாரியில் பேணாட் காய்ச்சலில் செத்தார்.

றெஜினாதான் சந்தையில் அவளுக்காகப் பேசுவாள். பங்குச் சுவாமியிடம் பேசுவாள். மடத்துச் சிஸ்டரிடம் தையல் கணக்குச் சொல்வாள். வகுப்புப் பெட்டைகள் ஞானமலருக்கு வைத்த பெயர் "வால்வ் ரியூப்". சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம்போல இருக்கிறதாம். றெஜினா ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டிவருவதில்லை.

ஒருநாள் ஞானமலர் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது றெஜினா கேட்டாள். "உங்களுக்கு முந்திக் குரல் இருந்ததெண்டு ஆர் கண்டது?"

ஞானமலர் சீப்பால் கட்டிலுக்கடியைக் காட்டினாள்.

*

தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் மூதூர் ஸஹாப்தீன். வியாழக்கிழமை பின்னேரம் எல்லாரும் அவருடைய மெசின் அறையில் கூடினார்கள். அவர் உளியை வைத்துக் கீலைப் பெயர்த்தார். கட்டி கட்டியாக விழுந்தது. ஒவ்வொரு கட்டியிலும் பேணாட்டின் பெருவிரல் பதிந்திருந்தது. ஞானமலர் குனிந்து ஒன்றை எடுத்தாள். வெயில் ஏறிய அறையில் அது கையில் இளகியது.

மூடி திறந்ததும் புளித்த வினாகிரி மணம் அறையை நிரப்பியது. எல்லாருக்கும் கண் எரிந்தது.

"அச்சாறு போட்டு வைச்சனீங்களோ, தங்கச்சி?" என்றார் கனகரத்தினம். மாஸ்டர் சிரித்தார். றெஜினாவும் கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு கனகரத்தினம் விளக்கினார். அவர் அதைப்பற்றி ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தார். "இது படச்சுருளே விடுற மணம். சூட்டுக்குச் சுருளில இருந்து கொஞ்சம் கொஞ்சமாப் புளிப்பு ஆவி கிளம்பும். திறந்து கிடந்தா அது காத்தோட போயிடும். அடைச்சு வைச்சா அந்த ஆவியே திரும்பச் சுருளைத் தின்னும். தின்னத் தின்ன இன்னும் ஆவி வரும். கொழும்புக் களஞ்சியத்தில மூடியில்லாமக் கிடந்த ரீல் எல்லாம் நல்லா இருக்கு, பாருங்கோ. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு மூடாம விட்டிருந்தா இதுவும் நல்லா இருந்திருக்கும். படிச்ச ஆக்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

ஞானமலர் கையிலிருந்த கீல்கட்டியை மேசை ஓரத்தில் வைத்தாள். ஸஹாப்தீன் மற்றக் கட்டிகளோடு சேர்த்து அதையும் கூட்டித் தள்ளினார்.

வெளிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் நெளிந்து போயிருந்தன. ஸஹாப்தீன் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே விரலை விட்டு வளைத்துப் பார்த்தார்.

"உள்ளுக்கு உயிர் இருக்கு. ஒருக்கா ஓடும். இடையில அறுந்தா ஒட்டிப்போட்டு ஓட்டுவன். ரெண்டாந்தரம் எண்டா ஏலாது."

"ஒருக்கா ஓடினாக் காணும்," என்றாள் ஞானமலர். றெஜினா அதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

பிறகு ஞானமலர் இன்னொன்றும் சொன்னாள். றெஜினா தயங்கினாள்.

"இப்பவே ஓட்டி எனக்கு மட்டும் காட்ட ஏலுமோ எண்டு அம்மா கேக்கிறா."

"இதென்ன கதை?" என்றார் கனகரத்தினம். "ஒருக்கா ஓடுற சாமானை இண்டைக்கு ஓட்டிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை என்னத்தைக் காட்டுறது? அண்டைக்குச் சிரிச்ச சனம் கேக்க வேண்டாமே? கொழும்பில இருந்து பத்திரிகைக்காரர் வாறார். அவரும் கேக்கட்டும்."

அண்டைக்குச் சிரிச்ச சனம் என்ற சொல் ஞானமலரைப் பிடித்தது. அவள் டின்னுக்கு மேலிருந்து கையை எடுத்தாள். மெசின் அங்கே இருந்தது. ஸஹாப்தீன் இருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். ஆனாலும் ஞானமலர் சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

"அப்ப சரி. உங்கட ரீலையே போடுவம்," என்றார் கனகரத்தினம்.

*

ஞாயிற்றுக்கிழமை றெஜினா தன் வகுப்புப் பெட்டைகளைக் கூட்டிவந்தாள். ஜசிந்தாவும் வந்தாள். "வால்வ் ரியூப்" என்ற பெயரை முதலில் வைத்தவள் அவள்தான். "எங்கட அம்மா ஒரு காட்சி முழுக்கத் தனியக் கதைக்கிறா. இருந்து கேளுங்கோ," என்று றெஜினா சொல்லிவைத்திருந்தாள்.

ஞானமலர் அவர்களுக்கு நடுவில் இருந்தாள். மாஸ்டரும் கொழும்புக்காரரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

படம் நல்ல படம்தான். ஞானமலர் அதை ஒரே ஒருமுறை, சிரிப்புக்கு நடுவில் பார்த்திருந்தாள். இப்போதுதான் அமைதியில் பார்த்தாள். வலைக் கயிறு மணலில் அரைந்தது. குடா முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. கிழவன் ஒருவன் வலையில் சிக்கிய சாதாளைப் பாசியை உதறி உதறிக் கடைசியில் ஒரு சின்ன மீனைக் கண்டெடுத்து, அதைக் கடலில் போட்டான். தியேட்டரில் யாரும் இருமவில்லை. யேசுரட்ணம் மாஸ்டர் இப்படி ஒன்றைச் செய்யக்கூடியவர் என்று அவளுக்கு அன்று விளங்கியிருக்கவில்லை.

நான்காவது ரீல் முடிந்து வெளிச்சம் ஒருதரம் துடித்தது. ஞானமலர் றெஜினாவின் கையைப் பிடித்தாள்.

திரையில் அவள் இளம்பெண்ணாக நின்றாள். கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னைத் தனியே தவிக்க விட்டுச் செல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது, அத்தான்?"

சுத்தமான, மெல்லிய, பழகிய குரல். பின்னால் வயலின். வாய் ஒரு வேகத்தில் அசைந்தது. குரல் இன்னொரு வேகத்தில் வந்தது. "வாரும் வீட்டை" என்று அவள் கையை நீட்டிய இடத்தில் அந்தக் குரல் விம்மியது.

யாரும் சிரிக்கவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் அங்கங்கே கேட்டது. ஜசிந்தா குனிந்து, பெட்டைகளைத் தாண்டி ஞானமலரின் முகத்தைப் பார்த்தாள். மரியாதையாகப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் றெஜினா. அவள் கன்னம் நனைந்திருந்தது. "அம்மா, இவ்வளவு வடிவான குரலே உங்களுக்கு?"

ஞானமலர் வாயைத் திறந்தாள். அந்தக் குரல் தியேட்டரை நிரப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய மூச்சு பக்கத்துக் கதிரைக்கும் போய்ச் சேரவில்லை.

*

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கொழும்புக்காரர் மேடையில் ஏறி, இந்தப் படத்தை மறந்ததற்கு நாட்டுத் தமிழர் வெட்கப்படவேண்டும் என்றார். நம் மண்ணின் கதை, நம் மக்களின் பேச்சு என்றார். ஐந்தாவது ரீலைத் தனியாகப் புகழ்ந்தார். மாஸ்டருக்கு மாலை விழுந்தது. ஞானமலர் அவரையே பார்த்தாள். அவர் மாலையில் பூக்களை நேராக்கிக்கொண்டிருந்தார்.

கனகரத்தினம் அவளை மேடைக்கு அழைத்தார். றெஜினா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கனகரத்தினம் மைக்கை அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ரெண்டு வார்த்தை, தங்கச்சி."

அவள் சொன்னாள். ஒலிபெருக்கியில் காற்று ஒன்று சீறியது. பின்னாலிருந்து ஒருவன், "மைக்குக்குச் சளி பிடிச்சிட்டுது," என்றான். நாலைந்துபேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்களை அடக்கினார்கள்.

அவள் திரும்பி றெஜினாவின் காதில் சொன்னாள். மெல்ல, பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"அது என்ர குரல் இல்லை. என்ர ரீலைப் போடச் சொல்லு."

றெஜினா கேட்டாள். நன்றாகக் கேட்டாள். கீழே மூன்றாம் வரிசையில் ஜசிந்தா இன்னும் கைதட்டிக்கொண்டு நின்றாள். றெஜினா மைக்கை வாங்கினாள்.

"அம்மா எல்லாருக்கும் நன்றி சொல்லுறா," என்றாள்.

கைதட்டல் இன்னும் பலத்தது.

ஞானமலர் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கப்படியால் இறங்கி, மெசின் அறைக்கு ஏறினாள். ஸஹாப்தீன் கடைசி ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் கேட்காமலே அவர் சொன்னார்.

"நான் உங்கட ரீலை மெசினில கொழுவத்தான் எடுத்தனான், தங்கச்சி. கனகரத்தினம் ஐயா வேண்டாம் எண்டிட்டார். வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணியாச்சு. மாஸ்டரும் ஓமெண்டவர்."

டின் மூலையில் இருந்தது. திறந்து, வெறுமையாக.

அவளுக்குப் பின்னாலேயே கனகரத்தினம் வந்து சேர்ந்தார். மேல்மூச்சு வாங்கியது.

"குறை நினையாதேங்கோ. பத்திரிகைக்காரர் இருக்கேக்க நடுவில அறுந்தா மானம் போயிடும். அதோட, உண்மையைச் சொல்லுறன், அந்தப் பழைய பேச்சைக் கேட்டா இப்பவும் சனம் சிரிக்கும். உங்களைப் பாத்துச் சனம் இன்னொருக்காச் சிரிக்க விட எனக்கு மனம் வரேல்ல. உங்களுக்காகத்தான் செய்தனான்." பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா ரீல் வீணாப் போகேல்ல. வாங்கோ, வந்து பாருங்கோ."

வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வட்டத்தின் பெயர் அச்சடித்த அட்டைகள் அதில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சன்னல் வெட்டி, அதில் படச்சுருளின் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வெளியே போகிற எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

"நல்ல பகுதியாப் பாத்து வெட்டினது," என்றார் கனகரத்தினம். "பழுதான இடம் ஒண்டும் போடேல்ல. இனி ஊரில எத்தினை வீட்டில நீங்கள் இருப்பீங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

மேசையில் அடுக்கு முடிந்துகொண்டிருந்தது. ஆண்கள் அட்டையைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள். ஒருவர் அதால் விசிறிக்கொண்டு போனார். மத்தியான இந்தியப் படத்துக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது.

பெட்டைகள் வாசல் தூணருகில் அட்டைகளைச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்ரி, இதில ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று ஜசிந்தா பேனையை நீட்டினாள்.

ஞானமலர் அட்டையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இரண்டே இரண்டு படங்கள். இரண்டிலும் அவள் வாய் திறந்தபடி இருந்தாள். பக்கத்து ஓரத்தில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து போனது. அதுதான் சத்தம். திரையில் ஒரு விநாடி ஓட இருபத்துநான்கு படங்கள் வேண்டும். இரண்டு படத்தில் ஓர் எழுத்துக்கூட முடியாது. அந்தக் கோடுகூட அந்த வாய்க்குரியது அல்ல. சுருளில் சத்தம் தன் படத்தைவிட்டு ஒரு முழம் முன்னால் ஓடும். வெட்டியபோது வாய் ஒரு வீட்டுக்கும், அதிலிருந்து வந்தது இன்னொரு வீட்டுக்கும் போயிருக்கும்.

"இதில என்ன சொல்லுறீங்கள், அம்மா?" என்று றெஜினா கேட்டாள். மேடையிலிருந்து இறங்கியபின் அவள் தாயின் முகத்தை இப்போதுதான் பார்த்தாள்.

ஞானமலர் அவளைத் தோளில் பிடித்துக் கிட்ட இழுத்தாள். காதில் வாயை வைத்துச் சொல்லத் தொடங்கினாள். உமக்கு விசரே, சோத்தைப் போட்டு மூடி வைச்சிருக்கு, ஆர் தின்னுறது. ஒரு சொல்லும் மறக்கவில்லை. சட்டையைக் கழட்டித் தந்திட்டுப் போனா நான் தோய்ச்சுத் தோய்ச்சுக் கிடக்கிறதே. மூச்சு முடிய முடிய எடுத்து எடுத்துச் சொன்னாள். றெஜினாவின் காதோர மயிர் அசைந்தது.

றெஜினா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தலையை விலக்கிக்கொண்டாள்.

"காணும் அம்மா, விடுங்கோ. சனம் பாக்குது."

"என்னவாம்?" என்று ஜசிந்தா கேட்டாள்.

"வீட்டை போவமாம்," என்றாள் றெஜினா.